அம்மாவின் முழங்கால் வலிக்கு எந்த மாத்திரை?

கேள்வி: அம்மாவுக்கு 64 வயது, திருமங்கலத்தில் இருக்கிறார். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். மெடிக்கலில் வாங்கிய டைக்ளோஃபெனாக்கைத் தினமும் போடுகிறார். பிரஷருக்கு டெல்மிசார்ட்டனும் நீர் மாத்திரையும் உண்டு. எட்டோரிகாக்ஸிப் வயிற்றைக் கெடுக்காது என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். டைக்ளோஃபெனாக்கையும் இப்படித் தினமும் தொடர வேண்டாம்.

அந்த அக்கா சொன்னதில் பாதி சரி. எட்டோரிகாக்ஸிப், அதே வகையைச் சேர்ந்த செலிகாக்ஸிப் இரண்டாலும் வயிற்றுப்புண் வருவது குறைவுதான். ஆனால் எட்டோரிகாக்ஸிப் பிரஷரை ஏற்றிவிடும். 140/90-க்குள் அடங்காதவர்களுக்கு அது கூடவே கூடாது. டைக்ளோஃபெனாக்கில் மாரடைப்பு அபாயம் இருக்கிறது. நாப்ராக்ஸன் என்ற இன்னொரு வலி மாத்திரையில் அது குறைவு, வயிற்றுக்குத்தான் தொல்லை அதிகம். சரியான அளவில் கொடுத்தால் வலியைக் குறைப்பதில் இவற்றுக்குள் பெரிய வித்தியாசம் கிடையாது. அதனால் எது பலமான மாத்திரை என்று பார்ப்பதைவிட, சாப்பிடுபவருக்கு என்னென்ன நோய், வேறு என்ன மருந்து என்றுதான் பார்க்க வேண்டும்.

உங்கள் அம்மா விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை சிறுநீரகம். டெல்மிசார்ட்டன், நீர் மாத்திரை, வலி மாத்திரை மூன்றும் சேர்ந்தால் அது திடீரெனச் செயலிழக்கலாம். உடம்பில் நீர் வற்றும்போது ஆபத்து இன்னும் கூடும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வெயிலில் மணிக்கணக்காக நின்றுவிட்டு, கால்வலிக்கு ஒன்றைப் போட்டுக்கொண்டு படுப்பது நம் ஊரில் சகஜம். வாந்தி, பேதி இருக்கும் நாளிலும் அப்படித்தான். தயவுசெய்து அந்த நாட்களில் வலி மாத்திரையைத் தொடவே வேண்டாம். கூடவே போடும் பான்டோபிரசோல் வயிற்றைத்தான் காக்கும், சிறுநீரகத்தை அல்ல.

சரி, வலிக்கு என்ன செய்வது? முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல். பட்டாணி அளவு எடுத்துத் தடவினால் போதாது. முழங்கால் முழுக்கப் படும்படி தினமும் மூன்று நான்கு வேளை, இரண்டு வாரமாவது பூசிப் பாருங்கள். மாத்திரையோடு ஒப்பிட்டால் ரத்தத்தில் கலப்பது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அப்புறம் தொடைக்குப் பயிற்சி: நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, ஐந்து வினாடி நிறுத்தி, மெல்ல இறக்க வேண்டும். காலைக்குப் பத்து, மாலைக்குப் பத்து. மருந்தளவுக்கு இதுவும் முக்கியம்.

பேப்பரில் மடித்துத் தரும் ‘செட்’ மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு.

இந்த வாரமே கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பிரஷரும் பாருங்கள், பெரியாஸ்பத்திரியிலேயே பார்க்கலாம். மலம் கறுப்பாகப் போனாலோ, கால் வீங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ வலி மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே அழைத்துப் போங்கள்.