தினமும் ஓடியும் நேரம் குறையவில்லை, என் நுரையீரல் பலவீனமா?

கேள்வி: வயது 36. ஆறு மாதமாகத் தினமும் காலையில் 5 கிலோமீட்டர் ஓடுகிறேன். முதல் மூன்று மாதத்தில் 38 நிமிடத்திலிருந்து 31 நிமிடத்துக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எவ்வளவு முக்கினாலும் குறையவில்லை, இப்போது 32, 33 ஆகிறது. கடைசி கிலோமீட்டரில் மூச்சு முட்டுகிறது, மறுநாள் காலெல்லாம் கனக்கிறது. காலையில் எழுந்ததும் வாட்ச் காட்டும் இதயத் துடிப்பு 60-ஆக இருந்தது, இப்போது 68. லாக்டிக் ஆசிட் உடம்பில் தங்கிவிட்டது என்கிறார் நண்பர். என் நுரையீரல் பலவீனமா? மூச்சுப் பயிற்சிக் கருவி வாங்கலாமா?

மருத்துவர் பதில்: முதலில் அந்தப் பயத்தை விட்டுவிடுங்கள். 38 நிமிடத்தில் தொடங்கி மூன்றே மாதத்தில் 31-க்கு வந்த ஒருவருக்கு நுரையீரல் பலவீனமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், என் கண் நின்றது மூச்சில் இல்லை, "தினமும்" என்ற சொல்லிலும் அந்த 68-லும்தான்.

நுரையீரலைப் பற்றிக் கேட்டதால் அதையே முதலில் சொல்கிறேன். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 லிட்டர் காற்று உள்ளே போய் வருகிறது. முழு வேகத்தில் ஓடும்போது அது 100 லிட்டரைத் தாண்டும். அந்த நேரத்தில் விரலில் கருவி மாட்டிப் பார்த்தால்கூட, ஆரோக்கியமான பெரும்பாலானவர்களுக்கு ரத்தத்தின் ஆக்சிஜன் அளவு ஓய்வில் இருப்பதைவிடப் பெரிதாக இறங்கியிருக்காது. அதாவது நுரையீரல் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. அப்புறம் ஏன் மூச்சு முட்டுகிறது? வேகம் ஒரு எல்லையைத் தாண்டும்போது தசைகள் சர்க்கரையை அவசர அவசரமாக உடைக்கின்றன, ரத்தத்தில் அமிலத்தன்மை ஏறுகிறது, அதைச் சமன்செய்யும்போது கரியமில வாயு கூடுதலாக உருவாகிறது. மூளை "இதை வெளியே தள்ளு" என்று மூச்சை விரட்டுகிறது. உங்கள் கடைசி கிலோமீட்டரில் நடப்பது பெரும்பாலும் இதுதான். அதனால் கருவிக்குச் செலவு செய்ய வேண்டாம். மூச்சுத் தசைகளைப் பலப்படுத்தும் அந்தக் கருவிகளால் சிறு பலன் கிடைக்கலாம், ஆனால் உங்கள் சிக்கல் அங்கே இல்லை.

உங்களைப் போன்றவர்களுக்குத் தடை பெரும்பாலும் இரண்டு இடங்களில் இருக்கும். ஒன்று இதயம், இன்னொன்று தசை.

இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தை அனுப்புகிறது. பயிற்சி இல்லாத ஒருவர் முழு மூச்சாக ஓடினால் அது 20 லிட்டர் வரை போகும், நீண்ட தூர ஓட்டத்தில் உலகத் தரத்தில் இருப்பவர்களுக்கு 35 லிட்டரைக்கூடத் தொடும். இந்த வித்தியாசம் வேகமாகத் துடிப்பதால் வருவதில்லை. பயிற்சியால் அதிகபட்சத் துடிப்பு கூடுவதே இல்லை, வயதோடு அது குறையத்தான் செய்யும். (220-இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு தோராயமானது, 10, 12 துடிப்பு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாதாரணமாக விலகும். வாட்ச் அந்தக் கணக்கை வைத்து மிரட்டினால் கவலைப்படாதீர்கள்.) பயிற்சியால் கூடுவது ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தின் அளவு. ஒரே துடிப்பில் அதிகம் அனுப்பும் இதயம் ஓய்வில் நிதானமாகத் துடித்தால் போதும், அதனால்தான் நன்றாகத் தேறியவர்களின் ஓய்வுத் துடிப்பு இறங்குகிறது. உங்களுடையது ஏறியிருக்கிறது. அதற்கு வருகிறேன்.

தசைக்குள் வந்து சேரும் ஆக்சிஜனைக் கொண்டு சர்க்கரையையும் கொழுப்பையும் ஆற்றலாக மாற்றுபவை மைட்டோகாண்ட்ரியா என்ற செல்லுக்குள் இருக்கும் நுண்ணிய உறுப்புகள். பயிற்சி செய்தால் இவை தசையில் பெருகும் என்பதை 1967-இல் ஜான் ஹாலோசி என்ற ஆய்வாளர் எலிகளை ஓடவிட்டு நிரூபித்தார். கூடவே நுண்ணிய ரத்தக் குழாய்களும் தசைநார்களைச் சுற்றிப் புதிதாக முளைக்கின்றன. 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத் தேவையான ஆற்றலில் 90 சதவீதத்துக்கு மேல் இப்படி ஆக்சிஜனைக் கொண்டு கிடைப்பதுதான், ஆகவே உங்களுக்கு வளர வேண்டியது இந்தப் பகுதி.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. உடம்பின் ஒவ்வொரு பகுதியும் பயிற்சிக்குப் பழக வேறு வேறு காலம் எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு வாரத்திலேயே கூடிவிடும், இதயத்துக்கு உடனே வேலை சுலபமாகும். மைட்டோகாண்ட்ரியா பெருக வாரக்கணக்கில் ஆகும், சிவப்பணுக்களின் மொத்த அளவு அதைவிட மெதுவாக ஏறும், தசையை எலும்போடு கட்டும் தசைநாண்களுக்கு மாதக்கணக்கில் வேண்டும். முதல் மூன்று மாதத்தில் நீங்கள் பார்த்த வேகமான முன்னேற்றம் சீக்கிரம் பழகும் பகுதிகள் தந்தது. அது நின்றதும் தோற்றுவிட்டோம் என்று நினைத்து இன்னும் அழுத்தியிருக்கிறீர்கள். தினமும் முழு வேகம், ஒரு நாள்கூட ஓய்வில்லை.

பயிற்சி உடம்பைச் சோர்வாக்குகிறது, உடம்பு தேறுவது அதற்குப் பிறகு வரும் ஓய்விலும் தூக்கத்திலும். தசையில் சேமித்து வைத்த சர்க்கரை நிரம்ப ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும், நுண்ணிய சேதங்கள் ஆற இரண்டு மூன்று நாள். அதற்குள் அடுத்த ஓட்டம் வந்துவிட்டால் பழைய கடனின் மேல் புதுக் கடன் ஏறுகிறது. ஓய்வுத் துடிப்பு 60-இலிருந்து 68-க்கு ஏறியது, கால் கனப்பது, நேரம் பின்னால் போவது, மூன்றும் சேர்ந்து வந்தால் என் மனதில் முதலில் எழுவது "இவர் தேறவே விடவில்லை" என்பதுதான். தூக்கம் கெட்டாலும், காய்ச்சல் வரும் முன்பும், மன அழுத்தத்திலும்கூட இப்படி ஏறும், அதனால் ஒரு நாள் எண்ணைப் பார்க்காதீர்கள், ஏழு நாள் சராசரியைப் பாருங்கள்.

1954-இல் ஒரு மைலை முதன்முதலாக 4 நிமிடத்துக்குள் ஓடிய ரோஜர் பானிஸ்டருக்கும் இது நடந்தது. மருத்துவம் படித்துக்கொண்டிருந்த அவர் பயிற்சியில் ஒரு சுற்றை 61 நொடிக்குக் கீழே கொண்டுவர முடியாமல் திணறினார். ஓட்டத்தை நிறுத்திவிட்டு நண்பருடன் சில நாள் மலையேறப் போனார், திரும்பி வந்ததும் அந்தத் தடை உடைந்தது. ஓடாமல் இருந்த அந்த நாட்களும் பயிற்சிதான் என்று என்னிடம் வருபவர்களிடம் சொன்னால் நம்பத் தயங்குகிறார்கள்.

லாக்டிக் ஆசிட் பற்றி உங்கள் நண்பர் சொன்னது பலரும் நம்புவது, ஆனால் சரியில்லை. ஓடும்போது அந்த லாக்டிக் ஆசிட் உடம்பில் லாக்டேட் என்ற வடிவில்தான் இருக்கும், அதை இதயமும் மற்றத் தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன, ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் அளவு பழையபடி இறங்கிவிடும். மறுநாள் வலி தசைநார்களில் ஏற்பட்ட நுண்ணிய சேதத்தால் வருவது, அது ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாக அடங்கும்.

சரி, என்ன செய்வது? அடுத்த பத்து நாள் ஓட்டமே வேண்டாம், நடங்கள், நன்றாகத் தூங்குங்கள். காலை எண் 60 பக்கம் இறங்கியதும் வாரத்துக்கு நான்கு நாள் மட்டும் ஓடுங்கள். அதில் மூன்று நாள் மெதுவாக. மெதுவாக என்றால் பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். உங்களுக்கு அது மறுபடியும் 38, 40 நிமிடத்தில் வந்து நிற்கும், அது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று தெரியும், ஆனாலும் விட்டுவிடாதீர்கள், மைட்டோகாண்ட்ரியா இந்த வேகத்திலும் நன்றாகவே பெருகும். அந்த மூன்றில் ஒரு நாள் தூரத்தை மெல்ல 7, 8 கிலோமீட்டராக்கலாம். நான்காவது நாள் மட்டும் வேகம்: 3 நிமிடம் அழுத்தமாக ஓடி 3 நிமிடம் நடந்து, இப்படி நான்கு தடவை. வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து எழும் பயிற்சியும் குதிகாலைத் தூக்கி நிற்பதும் செய்யுங்கள், கால் பலமானால் அதே வேகத்துக்கு ஆகும் ஆக்சிஜன் செலவு குறையும்.

ஒரு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) தைராய்டும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இரும்புச் சேமிப்பு வற்றியிருந்தால் ஓட்டத்தில் சோர்வு வரலாம். எண்ணைப் பார்க்காமல் இரும்பு மாத்திரையை நீங்களாக விழுங்க வேண்டாம், தேவைக்கு மேல் சேர்ந்தால் கல்லீரலுக்கும் இதயத்துக்கும் கேடு.

சில அறிகுறிகள் இருந்தால் மேலே சொன்ன திட்டம் எதுவும் வேண்டாம், நேராக மருத்துவரிடம் போங்கள். ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், மயக்கம், துடிப்பு தாறுமாறாக ஓடுவது, குடும்பத்தில் 50 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இதயத்தைப் பரிசோதிக்காமல் ஓடக் கூடாது. ஓடி நிறுத்திய சில நிமிடத்தில் இருமலோ நெஞ்சில் விசில் சத்தமோ வந்தால் அது மூச்சுக்குழல் சுருங்குவதாக இருக்கலாம், அதற்கு நல்ல மருந்து உண்டு. காய்ச்சலோடு எந்தக் காரணத்துக்கும் ஓடாதீர்கள், இதயத் தசையில் வீக்கம் வந்துவிடும் ஆபத்து அதில் இருக்கிறது.

நண்பரின் நேரத்தோடு ஒப்பிட வேண்டாம். ஒரே பயிற்சியை 20 வாரம் பலருக்குக் கொடுத்துப் பார்த்த ஹெரிட்டேஜ் ஆய்வில் சிலர் மிக நன்றாகத் தேறினார்கள், சிலரிடம் மாற்றமே இல்லை, அதில் பரம்பரைக்குப் பெரிய பங்கு இருந்தது.

புதிய திட்டத்தில் எட்டு வாரம் போன பிறகு ஒரு முறை மட்டும் 5 கிலோமீட்டரை முழு வேகத்தில் ஓடிப் பாருங்கள், அதற்கு முந்தைய இரண்டு நாள் ஓடாமல் இருங்கள். அப்போதும் காலை எண் 68-லேயே நின்றால் ரத்தப் பரிசோதனை முடிவுகளோடு மறுபடி எழுதுங்கள்.