புல் பச்சை, மாட்டுக்கு ஏன் இழுப்பு?

கேள்வி: மேய்ச்சல் நிலத்துக்கு யூரியாவும் பொட்டாஷும் தாராளமாகப் போட்டேன், புல் கருகருவென்று வந்தது. அதில் மேய்ந்த கறவை மாடு ஒன்று தள்ளாடி விழுந்து வலிப்பு வந்து இழுக்க ஆரம்பித்தது. மருத்துவர் ஊசி போட்டுக் காப்பாற்றிவிட்டு, மக்னீசியம் குறைவு என்கிறார். இத்தனை உரம் போட்ட புல்லில் சத்து எப்படிக் குறையும்?

பதில்: குறையும். நான் முதலில் சந்தேகப்படுவது பொட்டாஷைத்தான், அது தருவது பொட்டாசியம். பொட்டாசியம் கிடைக்கக் கிடைக்க உறிஞ்சிக்கொண்டே இருப்பது புல்லின் குணம். நன்றாக வளர உலர் எடையில் 2 சதவீதம் போல இருந்தாலே போதும் என்றாலும், மண்ணில் கொட்டிக்கிடந்தால் 4 சதவீதம் வரைகூட ஏற்றிக்கொள்ளும். அப்படி அது வேர் வழியாக முண்டியடித்து நுழையும்போது மக்னீசியம், கால்சியம், சோடியம் மூன்றும் வெளியே நிற்க வேண்டியதுதான். புல்லில் மக்னீசியம் 0.2 சதவீதத்துக்குக் கீழே போனால் கறவை மாட்டுக்கு ஆபத்து.

கூத்து இதோடு முடியவில்லை. தின்ற பிறகு மாட்டின் முதல் வயிற்றிலும் அதே பொட்டாசியம் மக்னீசியத்தை ரத்தத்தில் சேரவிடாமல் தடுக்கிறது. யூரியா போட்ட இளம்புல்லில் புரதம் அதிகம், அது செரிக்கும்போது வரும் அம்மோனியாவும் அதே வேலையைத்தான் செய்யும். ஒவ்வொரு லிட்டர் பாலோடும் சுமார் 0.12 கிராம் மக்னீசியம் வெளியே போய்க்கொண்டிருக்க, எலும்பில் இருப்பதை அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளவும் மாட்டால் முடியாது, அதனால்தான் கறவையில் இருப்பது முதலில் விழுகிறது.

இன்னொன்று, தொழுவத்துக் கழிவுநீரைத் தொடர்ந்து பாய்ச்சும் வயலா அது? மாடு தின்ற பொட்டாசியத்தில் பெரும்பகுதி மூத்திரத்தில்தான் வெளியேறும். அங்கே மேலும் பொட்டாஷ் வாங்கிப் போடுவது வீண்செலவு.

மண்ணையும் புல்லையும் சேர்த்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள், மண் அறிக்கை மட்டும் போதாது. அதுவரை பொட்டாஷை நிறுத்துங்கள். இனி போட வேண்டி வந்தாலும் இளம்புல் மேயும் பருவத்தில் போடாமல், ஒரே தவணையில் கொட்டாமல், பிரித்துப் போடுங்கள். அபாயம் உள்ள நாட்களில் மக்னீசியம் சேர்த்த தாது உப்பைத் தினமும் கொடுக்க வேண்டும், ஒருநாள் கொடுத்துவிட்டு மறந்தால் பயனில்லை. யூரியா தரும் தழைச்சத்து அதிகமானால் புல் ஓங்கி, ஊடே இருக்கும் பயறுவகைச் செடிகள் அடங்கிப்போகும். கால்சியம் அவற்றில்தான் அதிகம், அதையும் யோசியுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் சுண்ணாம்பு போட்டால் எல்லாம் சரியாகுமா?

பதில்: புளித்த, அதாவது அமிலத்தன்மை கூடிய மண்ணுக்குச் சரி, மண்ணில் மக்னீசியமும் குறைவென்றால் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல்லான டோலமைட் இன்னும் நல்லது. ஆனால் அளவு மீறினால் கோபால்ட், மாங்கனீசு, துத்தநாகம் எல்லாம் புல்லுக்குக் கிடைக்காமல் போகும், மாலிப்டினம் என்ற தாது புல்லில் ஏறும். அது வயிற்றில் கந்தகத்தோடு சேர்ந்து செம்பைக் கட்டிப்போட்டுவிடும். அதற்காக ஆடுகளுக்குக் கண்மூடித்தனமாகச் செம்பு கொடுத்துவிடாதீர்கள், செம்மறிக்கு அது கொஞ்சம் கூடினாலே விஷம்.