ஹென்றி டர்னரும் விடுபட்ட வரியும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலச் சட்டமன்றத்தில் இருந்த கறுப்பின உறுப்பினர் ஹென்றி மெக்நீல் டர்னரைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். 1868இல் அவைக்குள் நுழைந்தவர் அதே செப்டம்பரில் வெளியேற்றப்பட்டார். கொஞ்சம் தணிந்து பேசியிருந்தால் இடம் பறிபோயிருக்காதோ? சில மாதப் பதவியை அரசியல் வாழ்க்கை என்று கொண்டாடலாமா?

– கே., திருச்சி

அன்புள்ள கே.,

அவர் முதலில் தணிந்துதான் போனார். எனக்கு இன்னும் மனம் ஆறாதது அதுதான்.

உள்நாட்டுப் போருக்குப் பின் ஜார்ஜியாவின் புதிய அரசியலமைப்பை எழுதிய அவையில் டர்னரும் இருந்தார். தோற்றுப்போன வெள்ளையரிடம் கடுமை வேண்டாம் என்றவர்களில் அவரும் ஒருவர். கறுப்பினத்தவருக்கு வாக்குரிமை எழுதப்பட்டது. பதவி வகிக்கும் உரிமை தெளிவாக எழுதப்படவில்லை. வாக்கு இருந்தால் பதவியும் அதில் அடக்கம் என்று நம்பிவிட்டார்கள். விடுபட்ட அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் பின்னாளில் சட்டமன்றத்தின் கறுப்பின உறுப்பினர்களை வெளியே தள்ளினார்கள். நிறம் வெளுத்திருந்த நால்வரை மட்டும் விட்டுவைத்தார்கள். காலியான இருக்கைகளைத் தேர்தலில் தோற்றவர்களுக்குக் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 3 அன்று டர்னர் பேச எழுந்தார். அவருக்கு முன் பேசிய கறுப்பின உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தரப்பின் பெருந்தன்மையைப் புகழ்ந்து இரக்கம் கேட்டிருந்தார்கள். சவுக்கடிக்குக் கீழே அடிமைகள் கெஞ்சுவதுதான் நினைவுக்கு வருகிறது என்றார் டர்னர், தம் தோழர்களைப் பார்த்தே. நான் மனிதனா, இல்லையா? மனிதன் என்றால் மனிதனுக்குரிய உரிமை எனக்கும் உண்டு. உரை முழுவதும் இந்த ஒரு கேள்விதான். வெளியேறும்போது வாசலில் நின்று காலணிச் சேற்றைத் தேய்த்துவிட்டுப் போனார் என்கிறார்கள். அந்த ஒரு நொடிக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

கெஞ்சியவர்களும் சேர்ந்தேதான் வெளியேற்றப்பட்டார்கள், கே. தணிந்த பேச்சு யாரைக் காப்பாற்றியது? அதே மாதம் 19ஆம் தேதி, வெளியேற்றப்பட்ட ஃபிலிப் ஜாய்னர் முன்னின்று நடத்திய ஊர்வலத்தின்மேல் கமில்லா ஊரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் செத்தார்கள்.

1869இல் மாநில உச்ச நீதிமன்றமே கறுப்பினத்தவருக்குப் பதவி வகிக்கும் உரிமை உண்டு என்றது. அமெரிக்க நாடாளுமன்றம் ஜார்ஜியாவை மீண்டும் ராணுவக் கட்டுப்பாட்டில் வைத்தது. 1870 ஜனவரியில் டர்னர் தம் இருக்கைக்குத் திரும்பினார். ஆக, பதவிக்காலம் நீங்கள் எண்ணியதைவிடச் சற்று நீளம்.

அந்த உரை முழுமையாகவே கிடைக்கிறது. வாசித்துவிட்டு, எந்த வாக்கியத்தில் அவர் தணிந்திருக்க வேண்டும் என்று எழுதுங்கள்.