பழைய வீடியோ கேம் இசை: கேட்க, சேர்க்க, மேடையில் வாசிக்க

உங்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றவற்றுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதியிருக்கிறேன். அதற்கு முன் ஒரு விஷயம். பழைய கேம்களின் இசை பெரும்பாலும் ஒலிப்பதிவு கிடையாது. கன்சோலில், அதாவது விளையாட்டுக் கருவியில், செருகும் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது "இப்போது இந்தச் சுரம், இவ்வளவு நேரம், இவ்வளவு சத்தம்" என்கிற கட்டளைகள்தான். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் உள்ளே இருக்கும் சிப் அதை அப்போதுதான் வாசிக்கிறது. கீழே உள்ள பாதிக் கேள்விகளுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

கேள்வி: நண்பர்கள் எல்லாம் உருகி உருகிக் கேட்கிறார்கள். எனக்கு 'கீ கீ' என்ற சத்தம்தான் கேட்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

குரல் குரலாகப் பிரித்துக் கேளுங்கள். நின்டெண்டோவின் எட்டு பிட் கன்சோலை எடுத்துக்கொள்வோம். ஜப்பானில் 1983இல் ஃபாமிகாம் என்ற பெயரில் வந்தது. அதன் சிப்பில் ஐந்து சேனல்தான், ஒவ்வொன்றும் ஒரு குரல். இரண்டு பல்ஸ் அலை, ஒரு முக்கோண அலை, ஒரு இரைச்சல் சேனல், சின்னச் சின்ன ஒலித்துண்டுகளை வாசிக்க இன்னொன்று. பல்ஸ் இரண்டும் பெரும்பாலும் மெட்டையும் துணை மெட்டையும் பார்த்துக்கொள்ளும். முக்கோண அலைக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதியே இல்லை, வாசிக்கும் அல்லது நிற்கும், அவ்வளவுதான். அதனால் அதைப் பெரும்பாலும் பேஸுக்கு, அதாவது அடியில் ஓடும் கீழ்ச்சுரங்களுக்கு, வைத்துக்கொண்டார்கள். இரைச்சலை வெட்டி வெட்டிக் கொடுத்தால் டிரம்ஸ்.

சேனல்களைத் தனித்தனியாக அணைக்கும் வசதி உள்ள பிளேயர் ஒன்றை நிறுவுங்கள். 1985இல் கோஜி கோண்டோ அமைத்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் நிலைப் பாட்டை எடுத்து, முக்கோணத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அணையுங்கள். அந்த பேஸ் எப்படித் துள்ளுகிறது என்று நாலைந்து முறை கேளுங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வாருங்கள். எனக்கு இந்த இசை பிடிபட்டது இப்படித்தான்.

கேமை விளையாடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். குதித்தால், சுட்டால் வரும் ஒலிகளும் இதே சேனல்களில்தான் வர வேண்டும். அந்த ஒலி வரும் நொடியில் பாட்டின் ஒரு குரல் விலகி வழிவிடும். எந்தக் குரல் காணாமல் போனாலும் பாட்டு நிற்க வேண்டும் என்று யோசித்தே அமைத்திருக்கிறார்கள்.

கேள்வி: சின்ன வயதில் கேட்ட பாட்டை இப்போது இணையத்தில் கேட்டால் வேகமாக இருக்கிறது. என் ஞாபகம்தான் தப்பா?

ஞாபகம் சரியாகத்தான் இருக்கும். அந்தக் காலக் கேம்களில் பாட்டின் காலப்பிரமாணம் பெரும்பாலும் டிவித் திரை புதுப்பிக்கப்படும் வேகத்தோடு கட்டப்பட்டிருக்கும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் நொடிக்கு 60 முறை. பால் (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையைப் பின்பற்றிய நாடுகளில் 50 முறை. கேமை 50க்கு ஏற்றபடி திருத்தாமல் அப்படியே விற்றிருந்தால் பாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். எட்டு பிட் நின்டெண்டோவின் பால் வகையில் சிப்பின் கடிகாரமும் மெதுவானது என்பதால், திருத்தாத கேம்களில் சுருதியும் அரைச்சுரத்துக்குச் சற்று மேலாகவே இறங்கிவிடும். நீங்கள் பால் கன்சோலில் கேட்டு வளர்ந்தவர் என்றால் உங்கள் காதுக்கு அதுதான் அசல். சேகரிக்கும்போது எந்த நாட்டு வெளியீடு என்று கோப்பின் பெயரிலேயே குறித்துவையுங்கள்.

கேள்வி: சேகரிக்கத் தொடங்கியிருக்கிறேன். எம்பி3 போதுமா? என்.எஸ்.எஃப்., எஸ்.பி.சி., வி.ஜி.எம். என்று ஏதேதோ சொல்கிறார்கள்.

எம்பி3 மட்டும் போதாது. அனுபவப்பட்டுச் சொல்கிறேன். ஆரம்பத்தில் பல வருடம் நான் எல்லாவற்றையும் குறைந்த தர எம்பி3ஆக, இரண்டு சுற்று முடிந்ததும் தேய்ந்து மறையும்படி பதிவு செய்து வைத்தேன். பிறகு வாசிக்க உட்கார்ந்தபோது ஒரு துணை மெட்டைக்கூட அதிலிருந்து பிரித்தெடுக்க முடியவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து சேர்க்க வேண்டியதாயிற்று.

நீங்கள் கேட்ட மூன்றும் ஒலிப்பதிவுகள் அல்ல. என்.எஸ்.எஃப். என்பது எட்டு பிட் நின்டெண்டோ கேமின் இசை நிரலும் தரவும். ஒரே கோப்பில் அந்தக் கேமின் எல்லாப் பாட்டும் இருக்கும். எஸ்.பி.சி. என்பது சூப்பர் நின்டெண்டோவின் ஒலி நினைவகத்தை ஒரு கணத்தில் அப்படியே படம்பிடித்தது. அந்த நினைவகம் 64 கிலோபைட், அதனால் கோப்பும் கிட்டத்தட்ட அதே அளவு. வி.ஜி.எம். என்பது சிப்புக்கு எந்தக் கட்டளை எந்த நேரத்தில் போனது என்ற குறிப்பேடு. சேகா நிறுவனத்தின் மெகா டிரைவ் கன்சோல் இசைக்கு இதைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். கமடோர் 64 என்ற வீட்டுக் கணினிக்கு, அதன் ஒலிச் சிப்பின் பெயரிலேயே சிட் கோப்புகள். ரசிகர்கள் கட்டிக் காக்கும் ஹை வோல்டேஜ் சிட் கலெக்‌ஷன் என்ற தொகுப்பில் மட்டும் 50,000க்கும் மேற்பட்ட பாட்டுகள் உண்டு. ஒவ்வொன்றும் பெரும்பாலும் சில கிலோபைட்தான்.

சிப் கோப்பை மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். கேட்பதற்கு வேண்டுமானால் அதிலிருந்து ஃபிளாக் (தரம் குறையாத ஒலிக்கோப்பு) எடுத்துக்கொள்ளலாம். கூடவே ஆண்டு, சிப், நாடு, இசையமைப்பாளர் ஆகிய நான்கையும் எழுதிவையுங்கள்.

கேள்வி: இசையமைப்பாளர் பெயரைத்தான் கண்டுபிடிக்க முடியவில்லை. கேம் முடிவில் வரும் பெயர்கள் விளையாட்டாக இருக்கின்றனவே?

அந்தக் காலத்து ஜப்பானிய நிறுவனங்கள் பல, ஊழியர்களின் உண்மைப் பெயரைப் போட விடவில்லை. போட்டி நிறுவனம் ஆளை இழுத்துக்கொள்ளும் என்ற பயம். 1986இல் வந்த காசில்வேனியாவின் இசையில் பெரும்பங்கு கினுயோ யமஷிதாவுடையது. கேமில் இருக்கும் பெயரோ ஜேம்ஸ் பனானா. 1987இன் முதல் மெகா மேனுக்கு இசையமைத்தவர் மனாமி மாட்சுமாயே. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2இன் பெரும்பாலான பாட்டுகள் யோகோ ஷிமோமுராவுடையவை. மூவரும் பெண்கள். இந்தத் துறையின் அடித்தளத்தில் பெண்களின் உழைப்பு இவ்வளவு இருந்தும் பல காலம் வெளியே தெரியாமல் போனது எனக்கு இன்றும் வருத்தம்தான். அதனால்தான் பெயரை எழுதிவைக்கச் சொல்கிறேன்.

கேள்வி: காசில்வேனியா மூன்றாம் பாகத்தின் ஜப்பானிய வெளியீட்டில் இசை நன்றாக இருக்கும் என்கிறார்கள். உண்மையா, வெறும் பேச்சா?

உண்மை. 1989இல் வந்த ஜப்பானிய வெளியீட்டின் கார்ட்ரிட்ஜில் கோனாமியின் வி.ஆர்.சி.6 சிப் இருந்தது. அது இரண்டு பல்ஸ், ஒரு ரம்ப அலை என மூன்று குரல்களைக் கூட்டிக் கொடுத்தது. கார்ட்ரிட்ஜிலிருந்து ஒலி கன்சோலுக்குள் வந்து கலக்கும் வழி ஃபாமிகாமில் உண்டு. வெளிநாட்டு வகையின் கார்ட்ரிட்ஜ் இணைப்பில் அந்த வழி இல்லை. அதனால் மற்ற நாடுகளுக்கு ஐந்து சேனலுக்குள் அடங்கும்படி மாற்றி அமைத்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். மூன்று குரல் போன பிறகும் பாட்டு எப்படி நிற்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

கேள்வி: சூப்பர் நின்டெண்டோவா, மெகா டிரைவா? ஒன்றைச் சொல்லுங்கள் அண்ணா.

மெகா டிரைவ். ஆனால் காரணத்தையும் கேளுங்கள்.

சூப்பர் நின்டெண்டோவின் ஒலிப்பகுதியை சோனியில் இருந்த கென் குடராகி வடிவமைத்தார். எட்டு சேனல், எல்லாமே ஒலித்துண்டுகளை வாசிப்பவை. வயலின் வேண்டுமா, வயலினின் ஒரு துளியை உள்ளே வைக்கலாம். சிக்கல் அந்த 64 கிலோபைட்தான். ஒலித்துண்டுகள், பாட்டின் குறிப்புகள், அவற்றை வாசிக்கும் நிரல் மூன்றும் அதற்குள் இருக்க வேண்டும். எதிரொலி வேண்டுமென்றால் அதற்கும் இடம் அதிலிருந்தே போகும், நீண்ட எதிரொலிக்கு 30 கிலோபைட் வரை. 1994இல் டாங்கி காங் கன்ட்ரியின் நீருக்கடி நிலைக்கு டேவிட் வைஸ் அமைத்த இசையைக் கேட்டுவிட்டு இந்தக் கணக்கை நினைத்துப் பாருங்கள்.

மெகா டிரைவில் யமஹாவின் ஒய்.எம்.2612. ஆறு எஃப்.எம். சேனல்கள். ஓர் அலையை வைத்து இன்னோர் அலையை அசைத்துப் புது நாதம் உண்டாக்கும் முறை அது. ஸ்டான்ஃபோர்டில் ஜான் சௌனிங் கண்டுபிடித்ததை யமஹா உரிமம் பெற்றுத் தன் கருவிகளில் பயன்படுத்தியது. இதில் நாதத்தையும் நீங்களே செதுக்க வேண்டும். தெரியாதவர் கையில் தகரம் தட்டுவதுபோல் இருக்கும். யூசோ கோஷிரோ 1991இல் ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜுக்கு அமைத்ததில் பேஸ் நெஞ்சில் இடிக்கிறது. நாதத்தை உண்டாக்குவதும் மெட்டைப் போடுவதும் ஒரே ஆளின் ஒரே வேலையாக இருந்ததால்தான் எனக்கு இந்தப் பக்கம் சாய்வு.

கேள்வி: டெட்ரிஸ் பாட்டு கேமுக்காகப் போட்டதா?

இல்லை. நின்டெண்டோவின் கைக்கடக்கக் கருவியான கேம் பாயின் 1989 வெளியீட்டில் 'ஏ' பாட்டு கொரோபெய்னிகி என்ற ரஷ்ய நாட்டுப்பாடல். 'சி' பாட்டு, ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் ஃபிரெஞ்ச் சூட் மூன்றிலிருந்து எடுத்த மினுவெட் என்ற நடன இசை.

கேள்வி: இதெல்லாம் இசையா என்று வீட்டில் கேட்கிறார்கள் சார். என்ன சொல்வது?

ஜப்பானில் டிராகன் குவெஸ்ட் இசையைக் கச்சேரி மேடையில் முழு இசைக்குழு வாசித்தது 1987இல். மாரியோவின் முதல் நிலைப் பாட்டை அமெரிக்க காங்கிரஸ் நூலகம் 2023இல் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பெற்ற முதல் வீடியோ கேம் இசை அதுதான். அதற்கு முந்தைய வருடம் தி 8 பிட் பிக் பேண்ட் என்ற குழு, ஒரு பழைய கேம் பாட்டைத் தங்கள் பாணியில் மாற்றி அமைத்ததற்காக கிராமி வாங்கியது. இதையெல்லாம் சொல்லலாம். ஆனால் வாதாடுவதைவிட ஒரு நல்ல மெட்டை நீங்களே வாசித்துக் காட்டுவது சீக்கிரம் பலிக்கும்.

கேள்வி: கிட்டார், வயலின், பேஸ், டிரம்ஸ் என நால்வர் குழு எங்களுடையது. அப்படியே வாசித்தால் ஏதோ வெறுமையாக இருக்கிறது. எங்கே தவறுகிறோம்?

எழுதியிருக்கும் சுரங்களை மட்டும் வாசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். சிப் இசையில் பாதி விஷயம் சுரங்களுக்கு நடுவில் நடக்கிறது.

முதலில் எதிரொலி. பல பாட்டுகளில் இரண்டாவது பல்ஸ் சேனல் தனி மெட்டு எதுவும் வாசிப்பதில்லை. முதல் சேனலின் மெட்டையே கொஞ்சம் பிந்தி, சத்தத்தைக் குறைத்து வாசிக்கும். அதை ஒருவருக்கு ஒதுக்காதீர்கள். கிட்டாரில் டிலே வைத்தால் போதும், அந்த ஆள் வேறு வேலை செய்யலாம்.

அடுத்தது ஆர்ப்பெஜியோ. கமடோர் 64இன் சிட் சிப்பில் மூன்றே குரல். ஒரு கார்டுக்கே (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கே) மூன்றும் போய்விடும். அதனால் ஒரே குரலில் கார்டின் மூன்று சுரங்களையும் நொடிக்கு ஐம்பது முறை மாற்றி மாற்றி வாசிக்கவைத்தார்கள். ராப் ஹப்பார்ட், மார்ட்டின் கால்வே பாட்டுகளில் நீர் கொப்பளிப்பதுபோல் கேட்கிறதே, அதுதான். அந்த வேகத்தைக் கையால் பிடிக்க முயலாதீர்கள். அது கார்டு என்று புரிந்துகொண்டு, கிட்டாரில் வேகமான ஸ்ட்ரம்மாகவோ வயலினில் டிரெமோலோவாகவோ மாற்றுங்கள்.

டிரம்ஸ் வாசிப்பவருக்கு ஒன்று. முக்கோண அலையைச் சட்டென்று கீழே சறுக்கவிட்டு டாம் ஒலி எடுப்பார்கள். அந்த இடத்தில் பேஸ் ஒரு கணம் நின்றுவிடும். அந்த இடைவெளியை பேஸ் வாசிப்பவரும் அப்படியே விட வேண்டும், நிரப்பிவிட்டால் துள்ளல் போய்விடும். பேஸே முன்னால் நிற்கும் பாட்டு வேண்டுமென்றால் சன்சாஃப்ட் நிறுவனத்தின் கேம்களுக்கு நவோகி கொடாகா அமைத்தவற்றைப் பாருங்கள். பேஸுக்கு ஒலித்துண்டு சேனலைப் பயன்படுத்தியதால் அதற்கு நிஜமான கனம் உண்டு.

கேள்வி: கேம் பாயையே மேடையில் வாசிக்க ஆசை. என்ன வேண்டும்?

ஒரு கேம் பாய், எழுதி அழிக்கக்கூடிய கார்ட்ரிட்ஜ், ஒரு மென்பொருள். யோஹான் கொட்லின்ஸ்கியின் எல்.எஸ்.டி.ஜே. என்ற டிராக்கர் (சுரங்களை வரிசையாகப் பட்டியலில் எழுதிப் பாட்டு அமைக்கும் மென்பொருள்), ஆலிவர் விட்சாவ் எழுதிய நானோலூப் ஆகிய இரண்டுதான் பெரும்பாலானவர்கள் பயன்படுத்துபவை. விரிவாகப் பாட்டு அமைக்க முதலாவது, மேடையில் அந்தந்தக் கணத்தில் மாற்றி விளையாட இரண்டாவது.

ஸ்பீக்கரில் எல்லாம் ஒன்றாகக் கேட்கும், ஹெட்ஃபோன் துளையில் வருவது ஸ்டீரியோ. எனவே மிக்ஸருக்கு அதிலிருந்து இரண்டு சேனலாகக் கொடுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் இணைத்தால் மறுபக்கத்தில் வைத்த குரல் காணாமல் போகும். பாட்டுகளை பேட்டரியின் தயவில் நினைவில் வைத்திருக்கும் கார்ட்ரிட்ஜ் என்றால், பேட்டரி தீர்ந்த அன்று எல்லாம் போய்விடும். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் கணினியில் நகல் எடுங்கள்.

கேள்வி: நாங்கள் வாசித்ததைப் பதிவு செய்து விற்கலாமா?

மெட்டின் உரிமை பெரும்பாலும் கேம் நிறுவனத்திடம் இருக்கும். நீங்களே வாசித்தாலும் விற்பதற்கு உரிமம் வேண்டும். நாட்டுக்கு நாடு விதி மாறும். கவர் பாடல்களுக்கு உரிமம் வாங்கித் தரும் சேவைகள் உண்டு, விற்பதற்கு முன்னால் அவற்றில் ஒன்றை அணுகுங்கள். மேடைக் கச்சேரி என்றால் அந்த அரங்கத்துக்குப் பொது நிகழ்ச்சி உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: கடைசியாக ஒன்று. கேம் பாட்டு முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். மேடையில் எப்படி முடிப்பது?

தேய்ந்து மறையவிடுவது நேரில் எடுபடாது. எந்தக் கேமின் பாட்டோ அதே கேமில் நிலை முடிந்ததும் வரும் சின்ன வெற்றி இசையைக் கடைசியில் சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான கேம்களில் அப்படி ஒன்று இருக்கும், கேட்பவர்களுக்கும் தெரிந்திருக்கும். அதற்கு முன் மூன்று சுற்றுக்கு மேல் போகாதீர்கள். முதல் சுற்றை கேமில் இருப்பதுபோலவே வாசியுங்கள். இரண்டாவதில் மெட்டை வயலினிலிருந்து கிட்டாருக்கு மாற்றுங்கள். மூன்றாவதில் ஆரம்ப நாலு தாளச் சுற்றுக்கு பேஸும் டிரம்ஸும் மட்டும், பிறகு எல்லோரும். கடைசிச் சுற்று முடிவதற்கு இரண்டு தாளச் சுற்று முன்பு டிரம்ஸ் வாசிப்பவர் தலையசைத்தால் போதும்.