நியூயார்க்கில் மகளுக்குத் தனி வீடு: டோர்மேன் தேவையா?

கேள்வி: மகள் இங்கே வி.ஐ.டி.யில் படித்து, அமெரிக்காவில் மேற்படிப்பு முடித்து, நியூயார்க்கில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஆண்டுச் சம்பளம் 1,60,000 டாலர். மன்ஹாட்டனில், டோர்மேன் இருக்கும் கட்டடத்தில், ஒற்றைப் படுக்கையறை வீடு பார்த்திருக்கிறாள். முதல் மாதம் இலவசமாம். வாடகை 3,850 டாலர் என்று விளம்பரம். கதவைத் திறந்துவிட ஓர் ஆள் இருப்பதற்காக இவ்வளவு கொடுக்க வேண்டுமா? யாரோடாவது சேர்ந்து இருக்கக் கூடாதா? தேவைப்பட்டால் எங்கள் வீட்டுப் பத்திரத்தைக் காட்டி நாங்கள் ஜாமீன் நிற்கலாமா?
- ஒரு தாய், காந்தி நகர், காட்பாடி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

கதவைத் திறப்பது அவர் வேலையில் சின்னப் பகுதி. நம் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் மோட்டார் போடுவார், கேட்டைப் பூட்டுவார். அங்கே டோர்மேன், வருகிறவரை முகப்பிலேயே நிறுத்தி, வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்ட பிறகே லிஃப்ட் பக்கம் விடுவார். பார்சல்களையும் அவரே வாங்கி வைப்பார். என் அக்கா மகள் அந்த ஊரில் டோர்மேன் இல்லாத பழைய கட்டடம் ஒன்றில் இருந்தாள். அக்கா அனுப்பிய பருப்புப் பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் இரண்டு முறை வாசலோடு போய்விட்டன. பொடி போனால் போகட்டும். இரவு பதினொரு மணிக்கு வேலை முடிந்து வரும் பெண்ணுக்கு, விளக்கு எரியும் முகப்பில் தெரிந்த முகம் ஒன்று இருப்பது பெரிய தெம்பு. அதற்குக் கொடுக்கும் பணத்தை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

எனக்கு உறுத்துவது அந்த 3,850தான். ஒரு மாதம் இலவசம் என்றால், அது பெரும்பாலும் சராசரிக் கணக்கு. உண்மை வாடகை 4,200 ஆக இருக்கும். பதினோரு மாதம் அதைக் கட்டி, மொத்தத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் 3,850 வரும். அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது 4,200-லிருந்துதான் பேச்சே தொடங்கும். அப்புறம் இன்னொன்று. ஆண்டு வருமானம் மாத வாடகையைப் போல 40 மடங்கு இருக்க வேண்டும் என்பது அங்கே பரவலாக உள்ள வழக்கம். 3,850-க்கு 1,54,000 போதும், உங்கள் மகள் தேறிவிடுவாள். 4,200-க்கு 1,68,000 வேண்டும், தேற மாட்டாள். எந்தத் தொகையை வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்கச் சொல்லுங்கள்.

ஜாமீன் விஷயத்தில் உங்கள் பத்திரம் உதவாது, சகோதரி. வழக்கமாக அமெரிக்காவில் வருமானம் உள்ளவரைத்தான் கேட்பார்கள், அதுவும் வாடகையைப் போல 80 மடங்கு. கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் தரும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் வருமானம் எட்டாத வீட்டுக்கு அந்தச் செலவையும் சேர்த்துச் சுமக்க வேண்டாம் என்பேன். கணக்கு உதைத்தால், இதே மாதிரிக் கட்டடத்தில் தோழி ஒருத்தியோடு சேர்ந்து இரண்டு படுக்கையறை வீடு எடுக்கட்டும்.

அட்வான்ஸ் பற்றிக் கவலை வேண்டாம். நம் பக்கம் பத்து மாதம் கேட்கிறவர்கள் உண்டு. நியூயார்க்கில் 2019 சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. வீட்டுக்காரர் அமர்த்திய புரோக்கருக்கு வாடகைக்கு வருபவர் தரகு கொடுக்க வேண்டியதில்லை என்ற விதியும் 2025 ஜூனில் அங்கே நடைமுறைக்கு வந்துவிட்டது.

'வர்ச்சுவல் டோர்மேன்' என்று விளம்பரத்தில் போட்டிருந்தால் அங்கே ஆள் உட்கார்ந்திருக்க மாட்டார், கேமராவும் இன்டர்காமும்தான். ஆள் இருந்தாலும் 24 மணி நேரமா, பகலில் மட்டுமா என்று கேட்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு மேல் போய் முகப்பில் பத்து நிமிடம் நிற்கட்டும். முன்பின் தெரியாத இவளை யாரும் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டால், அந்த வீடு வேண்டாம். டிசம்பரில் டோர்மேனுக்கு அன்பளிப்பு கொடுப்பது ஊர் வழக்கம், அதற்கும் தனியாக எடுத்து வைக்கட்டும்.

நீங்கள் அங்கே போகும்போது, பாஸ்போர்ட்டில் உள்ளபடி உங்கள் பெயரை முன்கூட்டியே முகப்பில் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். கட்டடத்து விதி அனுமதித்தால் ஒரு சாவியையும் அங்கே கொடுத்துவைக்கட்டும். அவள் ஆபீஸில் இருந்தாலும் நீங்கள் பெட்டிகளோடு வெளியே காத்திருக்க வேண்டாம்.