அம்மா காய்ச்சும் தண்ணீர்

கேள்வி: நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஃபுளோரைடு பற்றி சென்னையில் பிஎச்.டி. செய்கிறேன். சொந்த ஊர் தர்மபுரி பக்கம். ஆய்வை மூன்றே நிமிடத்தில் சாதாரண மக்களுக்குப் புரிகிற மாதிரி பேச எங்கள் துறையில் பயிற்சி கொடுக்கிறார்கள். எளிமையாகச் சொல்லப்போனால் நாலு வருட உழைப்பே மலிவாகிவிடுகிறது. தீசிஸ் எழுதுகிற நேரத்தில் இது தேவையா? ஊருக்குப் போனாலும் நிம்மதி இல்லை. அண்ணன் குழந்தைக்காக அம்மா போர்வெல் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக்கொண்டிருப்பார், நான் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருப்பேன்.

பதில்: மூன்று நிமிடம் அப்புறம் இருக்கட்டும். அந்தப் போர் தண்ணீருக்கு வாருங்கள்.

காய்ச்சினால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. ஆவி போகப் போக, மிஞ்சும் தண்ணீரில் அதன் அளவு கூடத்தான் செய்யும். இது எனக்கே தெரியும்போது உங்களுக்குத் தெரியாதா? குழந்தைக்கு நல்லது செய்வதாக நம்பி உங்கள் அம்மா தினமும் அடுப்பு மூட்டுகிறார். ஈறுக்குள் நிலைப்பற்கள் உருவாகிற வயதில்தான் ஃபுளோரைடு அவற்றைக் கறையாக்கும். இதையே நாலு வருடமாகப் படிக்கிற நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். "அம்மா, இது வேண்டாம்" என்று சொன்னதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

மலிவாகிவிடும் என்கிறீர்கள். பெற்ற தாய்க்குப் புரிந்தால் மலிந்துபோகிற படிப்பு என்ன படிப்பு? வீட்டில் ஒரு பிள்ளை படித்தால் அந்தப் படிப்பில் வீட்டுக்கும் பங்கு உண்டு. நான் அப்படித்தான் வளர்ந்தேன், இன்றும் அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இந்த மூன்று நிமிடப் பேச்சு 2008-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் போட்டியாகத் தொடங்கியது. ஒரே ஒரு ஸ்லைடுதான், அதுவும் அசையக் கூடாது. நம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் 2018-ல் 'அவ்சர்' என்ற திட்டத்தைத் தொடங்கி, ஆய்வு மாணவர்கள் தங்கள் ஆய்வை எல்லோருக்கும் புரியும்படி எழுதினால் பரிசு என்று அறிவித்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் உங்களுக்கு முதல் மேடை அம்மாவின் அடுப்பங்கரை.

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது என்பதை அவரிடம் எப்படிச் சொல்வீர்கள்? அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு சின்னக் கடுகை எடுத்துக் காட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் இந்த எடைதான் எல்லை, அதற்கு மேல் போனால் பல்லைக் கெடுக்கும், இன்னும் கூடினால் எலும்பையும் மூட்டையும் பிடிக்கும் என்று சொல்லுங்கள். இதில் உங்கள் ஆய்வு எந்த இடத்தில் மலிந்தது?

சொல்லி முடித்ததும், அதையே பக்கத்து வீட்டு அத்தைக்குச் சொல்லும்படி அம்மாவிடம் கேளுங்கள். நீங்கள் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறாரோ அங்கே நீங்கள்தான் சரியாகச் சொல்லவில்லை. மாற்றிச் சொல்லிப் பாருங்கள். நாலைந்து முறை இப்படிச் செய்தால் மூன்று நிமிடப் பேச்சு தானாக அமைந்துவிடும்.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் ஊருக்கு வருகிறதென்றால், குடிக்கவும் சமைக்கவும் அதையே பிடித்து வைக்கச் சொல்லுங்கள். போர் தண்ணீர் துணி துவைக்க இருக்கட்டும்.

இந்த சனிக்கிழமையே பஸ் ஏறுங்கள். திரும்பும்போது வீட்டு போர் தண்ணீரை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து வந்து உங்கள் லேபில் அளந்து பாருங்கள். என்ன அளவு வந்தது என்று அன்றே அம்மாவுக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.