கடிதம்: ஆல்வா மிர்டல் என்ன சாதித்தார்?

வணக்கம்.

அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற பெண்களைப் பற்றி எழுதியபோது, ஸ்வீடனின் ஆயுதக் குறைப்பு அமைச்சராக இருந்த ஆல்வா மிர்டலைப் பெரிதும் பாராட்டியிருந்தீர்கள். அவர் 1967 முதல் 1973 வரை மட்டுமே அமைச்சராக இருந்தார். அந்த ஆண்டுகளில் அணு ஆயுதங்கள் பெருகினவே தவிரக் குறையவில்லை. ஒரு சிறிய நாட்டின் அமைச்சர் மாநாடுகளில் பேசியதைத் தவிர எதைச் சாதித்தார்? 1930களில் அவர் கட்டாயக் கருத்தடையை ஆதரித்தார் என்றும் படித்தேன். அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே?

எஸ்., கோவில்பட்டி

அன்புள்ள எஸ்.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அதில் பிழை என்னுடையது. ஆல்வாவும் அவருடைய கணவர் குன்னார் மிர்டலும் 1934இல் மக்கள்தொகை பற்றி ஒரு நூல் எழுதினார்கள். ஏழைக் குடும்பங்களின் வீட்டு வசதிக்கும் குழந்தைகளின் நலனுக்கும் அரசே பொறுப்பேற்க வேண்டும் என்று வாதிட்ட அதே நூல், பிள்ளை பெறத் ‘தகுதியற்றோர்’ என்று கருதப்பட்டவர்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை செய்வதையும் ஏற்றுக்கொண்டது. அதற்கான சட்டம் ஸ்வீடனில் அவ்வாண்டே இயற்றப்பட்டது. 1970களின் நடுப்பகுதிக்குள் சுமார் 63,000 பேருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பலர் மனமார இசைந்தவர்கள் அல்லர். இழப்பீடு வழங்க அரசு முன்வந்தது 1999இல்தான். இதைச் சொல்லாமல் அவரைப் பாராட்டியது சரியல்ல.

முதல் கேள்விக்கு வருகிறேன். அவர் அமைச்சரானபோது அவருக்கு வயது ஏறத்தாழ 65. ஐ.நா. சபையிலும் யுனெஸ்கோவிலும் உயர் பொறுப்புகளை வகித்த பிறகு, 1955இல் ஸ்வீடனின் தூதராக தில்லிக்கு வந்து 1961 வரை இருந்தார். இலங்கையும் பர்மாவும் அவருடைய பொறுப்பில் இருந்தன. 1962இல் ஜெனீவாவில் 18 நாடுகளின் ஆயுதக் குறைப்பு மாநாடு தொடங்கியபோது, ஸ்வீடனின் குழுவுக்குத் தலைமை ஏற்றார். அமைச்சரான பிறகும் 1973 வரை அப்பணியைத் தொடர்ந்தார். ஆகவே ஆறாண்டுகளை மட்டும் தனியே எடுத்து எடைபோட வேண்டாம். அவருடைய பணியை நான் பன்னிரண்டு ஆண்டுகளாகவே பார்க்கிறேன்.

அன்றைய ஸ்வீடன் அணுகுண்டு செய்யும் ஆற்றலை நெருங்கியிருந்த நாடு என்பதை மறந்துவிடக் கூடாது. 1954இல் அந்நாட்டின் படைத்தலைவர் அணுகுண்டு வேண்டும் என்று வெளிப்படையாகவே கோரினார். பிரதமர் டாகே எர்லாண்டரும் தொடக்கத்தில் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தார். ஆளுங்கட்சியின் பெண்கள் அமைப்பும் வெளியுறவு அமைச்சர் ஓஸ்டன் உண்டேனும் எதிர்த்து நின்றார்கள். தில்லியிலிருந்து திரும்பிய ஆல்வாவை ஆயுதக் குறைப்புப் பணிக்கு அழைத்தவர் இந்த உண்டேன்தான். 1968இல் அணுகுண்டு செய்வதில்லை என்று உறுதியளித்து, அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் ஸ்வீடன் கையெழுத்திட்டபோது ஆல்வா அமைச்சராக இருந்தார். குண்டைக் கைவிட்டது அவர் ஒருவரின் சாதனை அல்ல. ஆனால் தன் நாடு கைவிட்டதைக் காட்டி வல்லரசுகளிடம் கேள்வி கேட்கும் உரிமையை அவர் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டார்.

நீங்கள் ‘பேச்சு’ என்று குறிப்பிட்டது எத்தகையது என்பதையும் பார்க்க வேண்டும். 1963ஆம் ஆண்டின் ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுச் சோதனைகளைத் தடை செய்தது. நிலத்தடிச் சோதனைகளை விட்டுவிட்டது. நிலத்துக்கு அடியில் நிகழ்ந்தது வெடிப்பா, இயற்கையான நிலநடுக்கமா என்று தொலைவிலிருந்து உறுதி செய்ய முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். நேரில் ஆய்வு வேண்டும் என்றது அமெரிக்கா. ஆண்டுக்கு மூன்று முறைக்கு மேல் அனுமதிக்க முடியாது என்றது சோவியத் ஒன்றியம். இரு தரப்பும் எண்ணிக்கையில் சிக்கி நின்ற இடத்தில், ஆல்வா அறிவியலாளர்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, பல நாடுகளின் நிலநடுக்கப் பதிவுகளை ஒன்றிணைத்தால் தொலைவிலிருந்தே கண்டறிய முடியும் என்று வாதிட்டார். ஐயத்துக்கு உள்ளாகும் நாடு தானே ஆய்வாளர்களை அழைத்துத் தன்னை விளக்கிக்கொள்ளட்டும் என்ற யோசனையையும் ஸ்வீடன் முன்வைத்தது. பெரிய நாடுகள் ‘முடியாது’ என்று சொன்ன தொழில்நுட்பக் காரணத்தை அதே தொழில்நுட்பத்தைக் கொண்டு மறுத்தது எனக்கு மிகப் பெரிய செயலாகத் தோன்றுகிறது.

ஸ்டாக்ஹோம் சர்வதேச அமைதி ஆய்வு நிறுவனம் 1966இல் அமைந்ததிலும் அவருக்கு முதன்மையான பங்கு உண்டு. எந்த நாடு எவ்வளவு ஆயுதம் வாங்கியது என்று நம் நாளிதழ்கள் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கு பெரும்பாலும் அந்த ‘சிப்ரி’ தருவதே.

ஆயுதங்கள் குறையவில்லை என்ற உங்கள் கூற்றை அவரே மறுத்திருக்க மாட்டார். பதவி விலகிய பின், ஆயுதங்களைக் குறைக்கக் கூடாது என்பதில் இரு வல்லரசுகளும் ஒத்துப்போகின்றன என்று கடுமையாகவே எழுதினார். 1982இல் மெக்சிகோவின் அல்போன்சோ கார்சியா ரோப்லெஸுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோது அவருக்கு 80 வயது, 1986இல் மறைந்தார். அனைத்து அணுச் சோதனைகளையும் தடை செய்யும் ஒப்பந்தம் 1996இல் கையெழுத்துக்கு வந்தது. இந்தியா அதில் இன்னும் கையெழுத்திடவில்லை, ஒப்பந்தமும் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் அதற்காக உலகெங்கும் அமைக்கப்பட்ட கண்காணிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. 2006 அக்டோபரில் வட கொரியா நிலத்தடியில் நடத்திய சிறிய சோதனையை 20க்கும் மேற்பட்ட நிலநடுக்க நிலையங்கள் பதிவு செய்தன. தொலைவிலிருந்தே கண்டறிய முடியும் என்று ஆல்வா வாதிட்டது இதைத்தான்.